இறங்கிய மெயில் எங்கே போய் உட்காருகிறது?

2011 பிப்ரவரி 27, ஞாயிற்றுக்கிழமை. ஜிமெயிலைத் திறந்த சிலருக்கு இன்பாக்ஸ் காலியாக இருந்தது. பல வருடக் கடிதங்கள், இணைப்புகள், லேபிள்கள் எதையும் காணோம். பயனாளர்களில் 0.02 சதவீதம் பேருக்குத்தான் இந்தக் கதி என்றது கூகுள். சதவீதத்தில் அது சின்ன எண்தான். அந்தக் கணக்குக்காரர்களுக்கு மொத்தமும் போயிருந்தது. மென்பொருளைப் புதுப்பித்தபோது நுழைந்த பிழை ஒன்று, வெவ்வேறு டேட்டா சென்டர்களில் இருந்த நகல்களையும் சேர்த்துப் பாதித்திருந்தது. கடைசியில் கைகொடுத்தவை, நெட்வொர்க்கோடு இணைக்காமல் தனியே வைத்திருந்த காந்த நாடாக்கள். அவற்றிலிருந்து கடிதங்களை மீட்டெடுத்தார்கள்.

அப்படி ஒரு நாள் வந்தால், லினக்ஸ் கம்ப்யூட்டரில் தண்டர்பேர்டோ எவல்யூஷனோ வைத்து மெயில் படிப்பவர் தப்பிப்பாரா? ‘எல்லாம் டவுன்லோடு ஆகித்தானே இருக்கிறது’ என்று நிம்மதியாக இருக்கலாமா? மெயில் எந்த முறையில் இறங்குகிறது, இறங்கியபின் டிஸ்க்கில் எங்கே போய் உட்காருகிறது என்ற இரண்டையும் பொறுத்தது அது. லினக்ஸில் இரண்டையுமே பயனாளர் தன் விருப்பப்படி அமைத்துக்கொள்ளலாம். பெரும்பாலானவர்கள் அதைத் தொடுவதில்லை. புரோகிராம் வைத்த இடத்திலேயே மெயில் கிடக்கிறது. அந்த இடத்தைத் தேடும் நாள், பெரும்பாலும் டிஸ்க் நிரம்பிய நாளாகவோ கம்ப்யூட்டர் படுத்த நாளாகவோ இருக்கும்.

முறையை முதலில் பார்த்துவிடலாம். இப்போது புழக்கத்தில் உள்ள பாப்3 முறையின் விதிகள் 1996இல் வெளியானவை. டயல்-அப் காலத்துக்குப் பொருந்திய ஏற்பாடு அது. இணையத்தில் சேர வேண்டும், கடிதங்களை இழுத்துக்கொள்ள வேண்டும், சர்வரில் இருப்பதை அழித்துவிட்டு இணைப்பைத் துண்டிக்க வேண்டும். ஐமேப் முறையை 1986இல் ஸ்டான்ஃபோர்டில் மார்க் கிரிஸ்பின் வடிவமைத்தார். அதில் மூலப்பிரதி சர்வரில் இருக்கும், கம்ப்யூட்டரில் இருப்பது நகல். ஐமேப்காரர் கையில் இருப்பது பாஸ்புக், பாப்காரர் கையில் இருப்பது பணம். பாஸ்புக் தொலைந்தால் வங்கியில் வேறு வாங்கிக்கொள்ளலாம்.

இதில் ஒரு சிக்கலும் உண்டு. சர்வரில் ஒரு கடிதம் அழிந்தால், அடுத்த ஒத்திசைவில் ஐமேப் நகலும் சேர்ந்தே அழியும். ஆகவே ஐமேப் வைத்திருப்பவர் டிஸ்க்கில் உள்ளதைக் காப்புப் பிரதி என்று நம்பக் கூடாது. தனக்கென்று ஒரு பிரதி வேண்டுமென்றால், தண்டர்பேர்டில் ‘லோக்கல் ஃபோல்டர்ஸ்’ என்ற பகுதிக்குக் கடிதங்களைத் தனியே நகலெடுத்து வைக்க வேண்டும். அந்தப் பகுதிக்கும் எந்தச் சர்வருக்கும் தொடர்பு கிடையாது.

இன்று பலரும் அந்தப் பகுதிக்கு வந்து சேர்வது இடநெருக்கடியால். ஜிமெயில், டிரைவ், ஃபோட்டோஸ் மூன்றுக்கும் சேர்த்து 15 ஜிபி இலவசம். அது நிரம்பியதும், பழைய கடிதங்களை லோக்கல் ஃபோல்டர்ஸுக்கு இழுத்துப் போட்டுவிட்டுச் சர்வரில் அழிக்கிறார்கள். நல்ல யோசனைதான். ஆனால் அந்த நொடியிலிருந்து, பத்து வருடத்துக் கடிதங்களுக்கு அந்த ஒரு டிஸ்க்தான் கதி. எந்த இடம் என்ற கேள்வி முக்கியமாவது இங்கேதான்.

லினக்ஸில் பொதுவான வழக்கம் தெளிவானது. ஒவ்வொரு பயனாளருக்கும் ஒரு ஹோம் ஃபோல்டர் உண்டு. அவருடைய எல்லாமே அதற்குள். புள்ளியில் தொடங்கும் பெயருள்ள ஃபோல்டர்கள் கண்ணுக்குத் தெரியாது. ஃபைல் மேனேஜரில் கன்ட்ரோலையும் எச் எழுத்தையும் சேர்த்து அழுத்தினால் அவை வெளியே வரும். தண்டர்பேர்ட் தன் பொருட்களை வைப்பது அப்படி மறைந்திருக்கும் ‘புள்ளி தண்டர்பேர்ட்’ ஃபோல்டரில். அதற்குள் எட்டு எழுத்தும் எண்ணும் கலந்த பெயரோடு இன்னொரு ஃபோல்டர் இருக்கும். அதைத்தான் புரொஃபைல் என்கிறார்கள்.

புரொஃபைலைத் திறந்தால், பாப் கணக்குகளும் லோக்கல் ஃபோல்டர்ஸும் ‘மெயில்’ என்ற ஃபோல்டரிலும், ஐமேப் நகல்கள் ‘ஐமேப்மெயில்’ என்ற ஃபோல்டரிலும் தனித்தனியே இருக்கும். ஒவ்வொன்றின் அளவையும் பார்த்தாலே பாதி விஷயம் விளங்கிவிடும். இரண்டாவது பெருத்திருந்தால் அது திரும்ப இறக்கிக்கொள்ளக்கூடிய சுமை. முதலாவது பெருத்திருந்தால் அது ஈடு இல்லாத சொத்து. முகவரிப் புத்தகம், சேமித்த பாஸ்வேர்டுகள், தேடலுக்கான தரவுத்தளம் ஆகியவையும் இதே புரொஃபைலில்தான் இருக்கின்றன.

எல்லா லினக்ஸிலும் இதே முகவரி என்று சொல்ல முடிந்தால் நன்றாக இருந்திருக்கும். புரோகிராமை எந்த வழியாக நிறுவினோம் என்பதைப் பொறுத்து இடம் மாறுகிறது. உபுண்டு 24.04இல் தண்டர்பேர்ட் ஸ்நாப் தொகுப்பாக வருகிறது. அதில் நிறுவியவருக்கு மெயில், ஹோமில் உள்ள ‘ஸ்நாப்’ ஃபோல்டருக்குள், ‘தண்டர்பேர்ட்’, அதற்குள் ‘காமன்’ என்று மூன்று படி இறங்கிப் போகிறது. ஃபிளாட்பேக் வழியே நிறுவினால் ‘புள்ளி வார்’ ஃபோல்டருக்குள் ‘ஆப்’ என்ற இடத்தில். டெபியனில் பல வருடம் இதே புரோகிராம் ஐஸ்டவ் என்ற பெயரில் இருந்தது. வணிகச்சின்னம் தொடர்பான கருத்து வேறுபாட்டால் வந்த மாற்றம் அது. 2017இல்தான் பழைய பெயர் திரும்பியது. அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர்களில் ‘புள்ளி ஐஸ்டவ்’ என்ற ஃபோல்டர் இன்னும் கிடக்கக்கூடும். ஒரு முறையிலிருந்து இன்னொன்றுக்கு மாறியவர், திறந்ததும் ‘புதிய கணக்கு தொடங்குங்கள்’ என்ற திரையைப் பார்த்து மெயிலே போய்விட்டது என்று பதறுவது இதனால்தான். பெரும்பாலும் எதுவும் போயிருக்காது. புரோகிராம் வேறு ஃபோல்டரைப் பார்த்துக்கொண்டிருக்கும், அவ்வளவுதான்.

உண்மையிலேயே பதற வேண்டிய வேறுபாடு ஒன்று உண்டு. அது பலருக்கும் தெரியாதது. பழைய முறையில் ஏபிடி கட்டளையால் தண்டர்பேர்டை நீக்கினால் ஹோம் ஃபோல்டரை அது தொடாது, கடிதங்கள் அப்படியே இருக்கும். ஃபிளாட்பேக்கிலும், தரவையும் சேர்த்து அழி என்று தனியே சொல்லாதவரை அப்படியே இருக்கும். ஸ்நாப் வேறு மாதிரி. புரோகிராமை நீக்கும்போது அதன் ஃபோல்டரையும் நீக்கிவிடுகிறது. நீக்கும் முன் தானாகவே ஒரு பிரதியை எடுத்து வைக்கிறது. வழக்கமான டெஸ்க்டாப்பில் அதன் ஆயுள் 31 நாள். ‘பர்ஜ்’ என்ற சொல்லைச் சேர்த்து நீக்கினால் அந்தப் பிரதியும் இல்லை. ‘சரியாக ஓடவில்லை, எடுத்துவிட்டுத் திரும்பப் போட்டுப் பார்ப்போம்’ என்பது கம்ப்யூட்டர் பழகியவர்கள் எல்லோரும் செய்கிற காரியம். ஸ்நாப்பில் பாப் மெயில் வைத்திருப்பவர் அதைச் செய்யும் முன் புரொஃபைலை வேறு இடத்தில் நகலெடுத்தே ஆக வேண்டும்.

மற்ற புரோகிராம்களுக்கும் அவரவர் வழி இருக்கிறது. க்னோம் டெஸ்க்டாப்பின் எவல்யூஷன், எந்த வகை ஃபைலை எங்கே வைப்பது என்று 2003இல் எழுதப்பட்ட எக்ஸ்டிஜி விதிகளைப் பின்பற்றுகிறது. உள்ளூர்க் கடிதங்கள் ‘புள்ளி லோக்கல்’ ஃபோல்டருக்குள் ‘ஷேர்’ பகுதியில், அமைப்புகள் ‘புள்ளி கான்ஃபிக்’ ஃபோல்டரில், ஐமேப் நகல்கள் ‘புள்ளி கேஷ்’ ஃபோல்டரில் என்று மூன்றாகப் பிரித்து வைக்கும். எதை இழந்தால் பரவாயில்லை, எதை இழக்கக் கூடாது என்பது ஃபோல்டர் பெயரிலேயே தெரிவதால், இந்த வரிசையில் ஒழுங்கானது இதுதான் என்று சொல்லலாம். கேடிஇயின் கேமெயில், அகோனாடி என்ற பின்னணிச் சேவையின் மூலம் மெயிலைக் கையாளும். உள்ளூர் மெயிலின் வழக்கமான இடம் ‘லோக்கல்-மெயில்’ என்ற ஃபோல்டர். கிளாஸ் மெயிலோ முதல் தடவை திறக்கும்போதே ‘கடிதங்களை எங்கே வைக்கட்டும்?’ என்று கேட்டுவிடுகிறது. மாற்றாமல் விட்டால், ஹோமில் ‘மெயில்’ என்ற ஃபோல்டரை வெளிப்படையாக உருவாக்கும். எல்லா மெயில் புரோகிராமும் இப்படிக் கேட்டிருந்தால் எத்தனையோ பேரின் கடிதங்கள் பிழைத்திருக்கும்.

இடத்தை மாற்றத் தோன்றும் சூழ்நிலைகள் சாதாரணமானவை. பழைய லேப்டாப்பில் 128 ஜிபி எஸ்எஸ்டி ஒன்றைப் போட்டு லினக்ஸை நிறுவியிருப்பார்கள், பக்கத்தில் 1 டிபி ஹார்ட் டிஸ்க் காலியாக இருக்கும். அல்லது லினக்ஸை அடிக்கடி மாற்றிப் பார்க்கிறவர், ஒவ்வொரு தடவையும் மெயிலை நகர்த்தாமல் தனிப் பார்ட்டிஷனில் வைக்க விரும்புவார். இடப் பற்றாக்குறை மட்டும்தான் காரணம் என்றால், நகர்த்தும் முன் ஓர் அமைப்பைப் பார்த்துவிடுவது நல்லது. தண்டர்பேர்ட், ஐமேப் கணக்கில் உள்ள எல்லாக் கடிதங்களையும் முழுதாக இறக்கி வைப்பதையே வழக்கமாகக் கொண்டிருக்கிறது. கணக்கு அமைப்புகளில் ‘சிங்க்ரனைசேஷன் அண்ட் ஸ்டோரேஜ்’ பக்கத்தில், அண்மைக்காலத்துக் கடிதங்கள் மட்டும் போதும் என்று சொல்லிவிடலாம். பல ஜிபி மீளும். நகர்த்த வேண்டிய வேலையே இல்லாமல் போகலாம்.

நகர்த்தியே ஆக வேண்டும் என்றால், தண்டர்பேர்டில் வழி இரண்டு. கண்ணில் முதலில் படுவது, ஒவ்வொரு கணக்கின் சர்வர் அமைப்புகள் பக்கத்திலும் கீழே இருக்கும் ‘லோக்கல் டைரக்டரி’ என்ற பெட்டி. பக்கத்தில் உள்ள ‘பிரவுஸ்’ பட்டனை அழுத்தி வேறு ஃபோல்டரைக் காட்டினால் வேலை முடிந்தது போலத் தோன்றும். முடிவதில்லை. இனிமேல் எங்கே பார்க்க வேண்டும் என்பதை மட்டும்தான் அந்தப் பெட்டி மாற்றுகிறது. இருக்கிற கடிதங்களை அது தூக்கிக்கொண்டு போகாது. தண்டர்பேர்டை மூடிவிட்டு, பழைய ஃபோல்டரில் இருந்த எல்லாவற்றையும் கையால் நகலெடுக்க வேண்டும்.

‘எல்லாவற்றையும்’ என்ற சொல்லில் கவனம் வேண்டும். இன்பாக்ஸ், சென்ட் போன்ற பெரிய ஃபைல்களை மட்டும் எடுத்துக்கொண்டு, சில கேபி அளவுள்ள துண்டு ஃபைல்களை விட்டுவிடத் தோன்றும். அவற்றில் ஒன்றின் பெயர் ‘பாப்ஸ்டேட்’. சர்வரிலும் ஒரு பிரதி இருக்கட்டும் என்று அமைத்த பாப் கணக்கில், எந்தெந்தக் கடிதம் ஏற்கெனவே இறங்கிவிட்டது என்ற கணக்கை அதுதான் வைத்திருக்கிறது. அதை விட்டுவிட்டால் புரோகிராமுக்கு எதுவும் நினைவில்லை. சர்வரில் இருக்கும் ஆயிரக்கணக்கான கடிதங்களும் புதிதாக வந்தவை போல மறுபடி இறங்கி, ஒவ்வொன்றும் இரண்டிரண்டாக நிற்கும். கடிதங்களைத் தரம் பிரிக்க எழுதி வைத்த ஃபில்டர் விதிகளும் இன்னொரு சிறு ஃபைலாக அதே ஃபோல்டரில்தான் இருக்கின்றன.

இரண்டாவது வழி, புரொஃபைலை மொத்தமாக நகர்த்துவது. சற்றே பெரிய வேலை, ஆனால் பெரும்பாலானவர்களுக்கு ஏற்றது இதுதான். கணக்குக்குக் கணக்கு வெவ்வேறு இடத்தைக் காட்டி வைத்தால், நாலு வருடம் கழித்துக் கம்ப்யூட்டரை மாற்றும்போது எது எங்கே என்று யாருக்கும் நினைவிருக்காது. புரொஃபைலுக்கு வெளியே காட்டிய இடம் அமைப்பு ஃபைலில் முழு முகவரியாகப் பதிந்திருக்கும். புதிய கம்ப்யூட்டரில் பயனாளர் பெயர் வேறாக இருந்தால் அந்த முகவரி செல்லாது. புரொஃபைலுக்குள்ளேயே எல்லாம் இருந்தால், முகவரிகள் புரொஃபைலை வைத்தே கணக்கிடப்படுவதால், மொத்தமாகத் தூக்கி எங்கே வைத்தாலும் ஓடும்.

செய்முறை எளிது. தண்டர்பேர்டை மூட வேண்டும். புரொஃபைல் ஃபோல்டரைப் புதிய இடத்துக்கு நகலெடுக்க வேண்டும். பிறகு டெர்மினலில் தண்டர்பேர்டின் பெயரோடு ஒரு இடைவெளி, ஒரு சிறு கோடு, பெரிய பி எழுத்து சேர்த்துக் கொடுத்தால் புரொஃபைல் மேனேஜர் திறக்கும். புதிய புரொஃபைல் ஒன்றை உருவாக்குவது போலத் தொடங்கி, ‘ஃபோல்டரைத் தேர்ந்தெடு’ என்ற இடத்தில் நகலெடுத்து வைத்த ஃபோல்டரைக் காட்டினால் போதும். பழைய இடத்தில், புதிய இடத்தைச் சுட்டும் சிம்லிங்க் ஒன்றை வைத்துவிடுவது லினக்ஸ் பழகியவர்களின் குறுக்குவழி. இடத்தை மாற்றத் திரையில் வசதி தராத எவல்யூஷனுக்கும் அந்தச் சிம்லிங்க் முறைதான் கைகொடுக்கும். எவல்யூஷன் சன்னலை மூடினாலும் அதன் பின்னணிச் சேவை ஓடிக்கொண்டே இருக்கும். ‘ஃபோர்ஸ்-ஷட்டவுன்’ கட்டளை கொடுத்து அதை நிறுத்தாமல் நகலெடுக்கக் கூடாது. கேமெயிலுக்கும் முதலில் அகோனாடியை நிறுத்த வேண்டும்.

ஸ்நாப், ஃபிளாட்பேக் வைத்திருப்பவர்களுக்குக் கூடுதலாக ஒரு படி. இந்தத் தொகுப்புகள் வேலிக்குள் ஓடுபவை. ஹோமில் உள்ள மறைந்த ஃபோல்டர்களுக்குள் ஸ்நாப் நுழைய முடியாது. வெளி டிஸ்க்குகளுக்கும் தனியே அனுமதி தர வேண்டும். ஃபிளாட்பேக்கில் ஃபிளாட்சீல் என்ற சிறு புரோகிராமைத் திறந்து, குறிப்பிட்ட ஃபோல்டரை அனுமதிப் பட்டியலில் சேர்க்கலாம். அனுமதி தராமல் சிம்லிங்க் மட்டும் வைத்தால் புரோகிராம் அந்த வாசலில் நின்றுவிடும்.

சரி, எங்கே நகர்த்துவது? லினக்ஸுக்கே உரிய எக்ஸ்ட்4 போன்ற வடிவத்தில் உள்ள, கம்ப்யூட்டருக்குள்ளேயே பொருத்திய இன்னொரு டிஸ்க் நல்ல இடம். விண்டோஸும் லினக்ஸும் ஒரே கம்ப்யூட்டரில் இருந்தால், இரண்டுக்கும் பொதுவாக என்டிஎஃப்எஸ் பார்ட்டிஷனில் ஒரே புரொஃபைலை வைக்கும் ஆசை வரும். முடியாதது இல்லை. ஆனால் விண்டோஸில் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ இயங்கினால், ஷட்டவுன் செய்தாலும் அது முழுதாக அணையாது, அந்தப் பார்ட்டிஷனைப் பாதி உறக்கத்தில் விட்டுப் போகும். லினக்ஸ் அதைப் படிக்க மட்டும் அனுமதிக்கும் அல்லது திறக்கவே மறுக்கும். எழுத முடியாத இடத்தில் மெயில் புரோகிராம் வேலை செய்யாது. இரண்டு பக்கமும் வெவ்வேறு பதிப்புகள் இருந்தாலும் தகராறுதான். புதிய பதிப்பு தொட்ட புரொஃபைலைப் பழைய பதிப்பு ஏற்காது.

யுஎஸ்பி டிஸ்க்கில் வைப்பவர்கள் புரிந்துகொள்ள வேண்டிய ஆபத்து ஒன்று, மேலே சொன்ன எல்லாவற்றையும் விடப் பெரிது. லினக்ஸில் டிஸ்க்குக்கு டி, ஈ என்று எழுத்துப் பெயர் இல்லை. ஒரு காலி ஃபோல்டரின் மேல்தான் டிஸ்க்கை ஏற்றுகிறார்கள். டிஸ்க் ஏறாத நாளில் அந்த ஃபோல்டர் வெறுமனே இருக்கும். மெயில் புரோகிராமையோ கம்ப்யூட்டர் திறந்ததும் தானாக ஓடும்படி அமைத்திருப்பார்கள். அது வந்து பார்க்கிறது. ஃபோல்டர் இருக்கிறது, உள்ளே ஒன்றுமில்லை. லோக்கல் டைரக்டரியாக அதைக் காட்டியிருந்து, அதில் எழுத அனுமதியும் இருந்தால், கணக்கு புதிது என்று எடுத்துக்கொண்டு புதிய இன்பாக்ஸைத் தொடங்குகிறது. அன்று வந்த கடிதங்களைப் பாப் வழியே இறக்கி, சர்வரில் அழித்தும் விடுகிறது. மறுநாள் டிஸ்க்கை மாட்டினால் பழைய கடிதங்கள் எல்லாம் திரும்பிவிடும், நேற்று வந்தவை மட்டும் மாயம். அவை எங்கும் போகவில்லை. ஏறிய டிஸ்க்குக்கு அடியில், அந்தப் பழைய ஃபோல்டரில் மறைந்திருக்கின்றன. டிஸ்க்கை இறக்கிவிட்டுப் பார்த்தால் கிடைக்கும். ஆனால் இது தெரியாதவருக்கு அந்தக் கடிதங்கள் தொலைந்தவைதான். டிஸ்க் ஏறாத நிலையில் அந்த ஃபோல்டரில் யாரும் எழுத முடியாதபடி நிர்வாகிக் கணக்கான ரூட்டுக்கு உரிமையாக்கி வைப்பது ஒரு தடுப்பு. உள் டிஸ்க் என்றால், கம்ப்யூட்டர் திறக்கும்போதே ஏறும்படி எஃப்எஸ்டேப் ஃபைலில் ஒரு வரி எழுதிவிடுவது நல்லது.

டிராப்பாக்ஸ், நெக்ஸ்ட்கிளவுட் போன்ற ஒத்திசைக்கும் ஃபோல்டருக்குள் புரொஃபைலை வைத்து, வீட்டிலும் அலுவலகத்திலும் ஒரே மெயிலைப் பார்க்கலாம் என்ற யோசனை அழகாகத் தெரியும். செய்யக் கூடாது. புரொஃபைலுக்குள் எஸ்க்யூலைட் தரவுத்தளங்கள் இருக்கின்றன. எழுதிக்கொண்டிருக்கும்போதே பாதியில் நகலெடுத்தாலோ, இரு கம்ப்யூட்டர்கள் ஒரே நேரத்தில் தொட்டாலோ அவை கெட்டுப்போகும். அந்தத் தேவைக்காகவே உருவானதுதான் ஐமேப்.

பாதுகாப்பையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். சேமித்த பாஸ்வேர்டுகள் புரொஃபைலில் இருப்பதால், பிரைமரி பாஸ்வேர்ட் வைக்காதவரின் புரொஃபைல் ஃபோல்டர் யார் கையில் கிடைத்தாலும் கணக்கும் சேர்ந்து கிடைத்த மாதிரிதான். ஹோம் ஃபோல்டர் உள்ள பார்ட்டிஷனை லக்ஸ் முறையில் என்க்ரிப்ட் செய்துவிட்டு, மெயிலை மட்டும் என்க்ரிப்ட் செய்யாத இரண்டாவது டிஸ்க்கில் வைத்தால் பூட்டியதற்கே பயனில்லை.

டிஸ்க்கில் கடிதம் எந்த உருவில் இருக்கிறது என்பதையும் பார்த்தால்தான் இடத்தைப் பற்றிய படம் முழுமையாகும். தண்டர்பேர்டில் வழக்கமான வடிவம் எம்பாக்ஸ். யூனிக்ஸ் காலத்துச் சொத்து. ஒரு மெயில் ஃபோல்டர் என்பது டிஸ்க்கில் ஒரே ஒரு நீண்ட டெக்ஸ்ட் ஃபைல், கடிதங்கள் அதில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதப்பட்டிருக்கும். ‘இன்பாக்ஸ்’ என்ற அந்த ஃபைலை எந்த டெக்ஸ்ட் எடிட்டரிலும் திறக்கலாம். ஒவ்வொரு கடிதத்துக்கும் மேலே ‘ஃப்ரம்’ என்று தொடங்கும் வரி. அதற்குக் கீழே ‘எக்ஸ்-மோசில்லா-ஸ்டேட்டஸ்’ என்று ஒரு வரி, எதிரே நான்கு இலக்கம். 0001 என்றால் படித்த கடிதம். 0009 என்றால் படித்து, பிறகு அழித்த கடிதம்.

அழித்தது எப்படி ஃபைலில் இருக்கிறது? அழிப்பது என்பது அந்த இலக்கத்தை மாற்றுவது மட்டும்தான். கடிதத்தின் எழுத்துகள் அப்படியே கிடக்கின்றன. ‘கம்பாக்ட்’ செய்யும்போதுதான், வேண்டியவற்றை மட்டும் புதிய ஃபைலில் எழுதி, பழையதைத் தூக்கியெறிகிறது புரோகிராம். அதுவரை, தவறி அழித்த கடிதத்தை எடிட்டரில் திறந்து 0009ஐ 0001 ஆக்கி, பக்கத்தில் உள்ள எம்எஸ்எஃப் இன்டெக்ஸ் ஃபைலை நீக்கிவிட்டுத் தண்டர்பேர்டைத் திறந்தால் அது திரும்ப வந்துவிடும். கம்பாக்ட் வேலைக்கு அந்த ஃபைல் அளவுக்கு டிஸ்க்கில் காலி இடம் வேண்டும் என்பதையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். நிரம்பிய டிஸ்க்கில் இடத்தை மீட்க இடம் தேவைப்படுகிறது.

இன்னொரு வடிவம் மெயில்டிர். க்யூமெயில் சர்வரை எழுதிய டேனியல் பெர்ன்ஸ்டைன் 1990களில் வகுத்தது. ஒரு கடிதத்துக்கு ஒரு ஃபைல். எவல்யூஷனும் கேமெயிலும் உள்ளூர்க் கடிதங்களுக்கு இதையே பயன்படுத்துகின்றன. ஒரு ஃபைல் கெட்டால் ஒரு கடிதம்தான் போகும். அந்த ஃபைல்களின் பெயரில் முக்காற்புள்ளி வரும். விண்டோஸ் வடிவ டிஸ்க்குகள் அந்தக் குறியைப் பெயரில் ஏற்காது. எவல்யூஷனின் மெயிலை எக்ஸ்ஃபேட் பென் டிரைவுக்கு நேரடியாக இழுத்துப் போட்டால் பிழைச் செய்திகள் வரிசை கட்டுவது இதனால்தான். ஒரே டார் ஃபைலாகக் கட்டிப் போட்டால் தொந்தரவு இல்லை.

தமிழில் மெயில் எழுதுகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று. எம்பாக்ஸ் வெறும் டெக்ஸ்ட்தானே, ‘திருமணம்’ என்று தேடினால் கிடைக்குமே என்று டெர்மினலில் கிரெப் கட்டளை கொடுத்தால், பெரும்பாலும் ஒன்றும் அகப்படாது. தமிழ் உரை பல நேரம் பேஸ்64 என்ற குறியீட்டில்தான் பயணிக்கிறது. ஃபைலில் இருப்பது பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியல். ஐமேப்பில் ஃபோல்டருக்குத் தமிழில் பெயர் வைத்தாலும், அந்த முறையின் பழைய விதிப்படி அது ஓர் உம்மைக் குறியோடு தொடங்கும் புதிர் எழுத்தாகவே சர்வருக்குப் போகிறது. டிஸ்க்கிலும் அப்படியே தென்படலாம். ஃபைல் மேனேஜரில் அதைப் பார்த்து வேண்டாத குப்பை என்று அழித்துவிடக் கூடாது. அளவிலும் வித்தியாசம் உண்டு. யுடிஎஃப்-8இல் ஒரு தமிழ்க் குறிக்கு மூன்று பைட், பேஸ்64 அதை நான்காக்கும்.

இடத்தைத் தீர்மானித்ததும் பேக்கப் அந்த இடத்தைப் பார்க்கிறதா என்று உறுதி செய்ய வேண்டும். லினக்ஸ் மின்ட்டில் தண்டர்பேர்டும் கூடவே வருகிறது, டைம்ஷிஃப்டும் வருகிறது. தினமும் ஸ்நாப்ஷாட் எடுக்கிறதே என்று நிம்மதியாக இருப்பவர்கள் உண்டு. டைம்ஷிஃப்ட் காப்பது சிஸ்டத்தை. ஹோம் ஃபோல்டரில் உள்ள பயனாளரின் தரவை அது வழக்கமாகச் சேர்ப்பதில்லை. உபுண்டுவில் பலரும் பயன்படுத்தும் டேஷா டப் ஹோமைக் காக்கும், கேஷ் ஃபோல்டரை விட்டுவிடும். எவல்யூஷனின் ஐமேப் நகல்கள் அதில் வராது, வரத் தேவையும் இல்லை. ஆனால் மெயிலை இரண்டாவது டிஸ்க்குக்கு நகர்த்தியவர், அந்தப் புதிய ஃபோல்டரை டேஷா டப்பின் பட்டியலில் தானே சேர்க்க வேண்டும். இடத்தை மாற்றிவிட்டுப் பேக்கப்பை மாற்ற மறந்தால், பேக்கப் ஒவ்வொரு வாரமும் வெற்றிகரமாக ஓடும், மெயில் மட்டும் அதில் இருக்காது.

எம்பாக்ஸ் வைத்திருப்பவருக்கு பேக்கப் கனமாகவும் இருக்கும். 8 ஜிபி இன்பாக்ஸில் ஒரு கடிதம் சேர்ந்தால் மொத்த ஃபைலும் மாறியதாகவே சாதாரண நகலெடுக்கும் கருவிகளுக்குத் தெரியும். வருடவாரியாகத் தனி ஃபோல்டர் போட்டு, ‘2015’, ‘2016’ என்று பழையவற்றைப் பிரித்து வைத்தால் அந்த ஃபைல்களை யாரும் தொடமாட்டார்கள். அன்றாடம் மாறுவது சிறிய இன்பாக்ஸ் மட்டும்தான். தண்டர்பேர்டிலேயே ‘எக்ஸ்போர்ட்’ வசதி இருக்கிறது. புரொஃபைல் 2 ஜிபிக்கு மேல் போனால் அது உதவாது, ஃபோல்டரைக் கையால்தான் நகலெடுக்க வேண்டும்.

நகர்த்தி முடித்த அன்று செய்ய வேண்டிய சோதனை சில நிமிட வேலை. தண்டர்பேர்டின் ‘ஹெல்ப்’ மெனுவில் ‘டிரபிள்ஷூட்டிங் இன்ஃபர்மேஷன்’ பக்கத்தைத் திறந்தால், இப்போது எந்தப் புரொஃபைல் ஓடுகிறது என்ற முழு முகவரியும் இருக்கும். தனக்குத்தானே ஒரு கடிதம் அனுப்பி, அது வந்ததும் புதிய இடத்தில் உள்ள இன்பாக்ஸ் ஃபைலின் நேரத்தைப் பார்க்க வேண்டும். சற்றுமுன் மாறியதாகக் காட்டினால் நகர்வு சரி. பழைய ஃபோல்டரை அன்றே அழிக்க வேண்டாம். அதன் பெயரை மட்டும் மாற்றி வைத்துவிட்டுச் சில வாரம் வழக்கம்போல மெயில் பார்க்கலாம். ஃபில்டர்கள் ஓடுகின்றன, பழைய கடிதங்கள் தேடலில் வருகின்றன, பேக்கப் டிஸ்க்கிலும் புதிய ஃபோல்டர் சேர்ந்துவிட்டது என்று பார்த்த பிறகு பழையதை நீக்கலாம்.